இயந்திரத்துக்கு நெற்றி வைத்தவன்

கொள்ளிடக் கரைப் பக்கம் முள்ளுக்காடாகக் கிடந்த மனையில் கல்யாண மண்டபம் கட்டினேன். மழை பெய்தால் மாப்பிள்ளை படகில்தான் வர வேண்டும் என்றவர்கள் வீட்டுக் கல்யாணமே பிறகு அங்கேதான் நடந்தது. சமையல்கட்டில் மேஸ்திரி விட்ட புகைபோக்கி போதாதென்று இடித்துவிட்டு, பக்கத்தில் நின்று வேறு கட்டவைத்தேன். மாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்தபோது, ஸ்ரீரங்கத்து வெயிலில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தானே என்று சிரித்தார்கள். மார்கழியில் வந்து குளித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். உப்பிலியபுரம் பக்கத்திலிருந்து ஐந்தாம் வகுப்போடு பாத்திரம் கழுவ வந்தவன் செய்தது இவ்வளவும். எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கிறது, ஒன்றைத் தவிர. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மண்டபத்தின் பின்புறம் ஓர் உர இயந்திரம் நிற்கிறது. பந்தி முடிந்து எச்சில் இலையைப் போட்டால் அரைத்துக் கிளறி உரமாகத் தள்ளும். பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் செய்தது. மண்டபக் குப்பையை மண்டபத்துக்காரரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மாநகராட்சி சொல்லியிருந்த சமயம். கல்லூரி ஒன்று அந்த நாட்டோடு பேசி இதை வரவழைத்து, ஓட்டிப் பார்க்க இடம் தேடியது. கொடுத்தேன். என் சுவரிலேயே ஒரு பலகை மாட்டினார்கள். 'பசுமை நகரத் தொழில்நுட்பப் பரிமாற்றம்' என்று பெரிதாக எழுதி, கீழே கம்பெனி, கல்லூரி, மாநகராட்சி. இடம் கொடுத்தவன் பெயர் இல்லை. போகட்டும், இடம்தானே என்று பெருந்தன்மையாக இருந்துவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. கிரைண்டர், ஜெனரேட்டர், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது நான்தான். அந்த வேலையை யாரிடமும் விடுவதில்லை. உர இயந்திரத்தின் முன்பக்கம் நெற்றிக்கண் போல வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. சாமியே காட்டிக்கொடுத்த இடம் என்று தாராளமாகவே வைத்தேன்.

மறுநாள் ஒரு நிச்சயதார்த்தப் பந்தி. இலையைப் போட்டால் இயந்திரம் சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு சும்மா நின்றது. கல்லூரியில் இதைக் கவனிக்கும் பேராசிரியை ஓடிவந்தார். போன் திரையில் அந்த நாட்டுக்காரர் ஒருவர் தெரிந்தார். இலை ஈரமா, நார் அதிகமா, ரசம் புளிப்பா என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். சரிவராவிட்டால் இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது வரை பேச்சுப் போனது. அப்போதுதான் பேராசிரியை குனிந்து பார்த்தார்.

"ஐயா, கண்ணுல யாரு சந்தனம் வெச்சது?"

"நான்தாம்மா. வெக்காம எப்படி ஓடும்?"

"வெச்சதாலதான் ஓடலைங்க. ஆள் கிட்ட நின்னா கை கிய்யி மாட்டிடக் கூடாதுன்னு பாக்குற கண்ணு இது. யாரோ நிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

"நேத்துலேர்ந்தா?"

"அதுக்குப் பொறுமை ஜாஸ்திங்க. இனிமே பக்கவாட்டுல வெச்சிடுங்க ஐயா."

"விலாவுல யாரும்மா பொட்டு வெப்பாங்க? நெத்தியிலதான் வெப்பேன். உங்க மெஷின் பழகிக்கட்டும்."

"இதுக்கு நெத்தியே இல்லீங்களே."

"அப்ப வெச்சுக் குடுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பாலக்கரையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய்க்குப் போன் போட்டேன். வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். வந்து பார்த்ததும், "பொட்டை நீங்க வெச்சுக்கங்க மாமா, நெத்தியை நான் செஞ்சு தரேன்" என்றார். கண்ணாடிக்கு மேலே தாழ்வாரம் இறக்கியதுபோல ஓர் இரும்புத் தகடு, சாய்வாக. எவ்வளவு நீட்ட வேண்டும் என்று கையால் காட்டியது நான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தகட்டில் பொட்டு வைத்தேன், இயந்திரம் ஓடியது.

இதற்கு முன்பே மேற்கு வெயில் அந்தக் கண்ணில் அடித்து இயந்திரம் சாயங்காலங்களில் நின்று நின்று ஓடும். தகடு வைத்த பிறகு அதுவும் போயிற்று. பேராசிரியை நாலு பக்கமும் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பினார்.

இந்த வருஷம் நகரத்துக்குப் புதிதாக இயந்திரங்கள் வந்தன. எல்லாவற்றிலும் பிறவியிலேயே நெற்றி. கூட வந்த புத்தகத்தைப் பேராசிரியை படித்துக் காட்டினார். 'வெப்பமண்டலத்துக்கேற்ற மேம்பாடு' என்று போட்டிருந்தது.

"வெப்பமண்டலம்னா யாரும்மா?"

"நம்ம ஊரு மாதிரி ஊருங்கதான் ஐயா."

"ஊரு எப்படிம்மா தகடு வெக்கும்? ஆளுதானே வெக்கும்?"

"நானும் எழுதிக் கேட்டேங்க. பயனாளர் கருத்துன்னு ஒரு வரி சேக்கலாம்னு சொல்றாங்க."

"கருத்தா சொன்னேன்? பிடிவாதம் புடிச்சேன்."

அங்கிருந்து இங்கே வந்தால் பரிமாற்றம், பலகை, போட்டோ. இங்கிருந்து அங்கே போனால் கருத்து. அவர்கள் இயந்திரம் கொண்டுவந்ததை நான் மறுக்கவில்லை. இலையை அரைப்பது அதுதான். ஆனால் அது இந்த ஊரில் நிற்காமல் ஓடுவது என் தகட்டால்.

இப்போது பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டப் போகிறார்கள். அதில் என் பெயர் வந்தாக வேண்டும் என்று பாயிடம் சொன்னேன்.

"என் பேரு மாமா?" என்றார்.

"கீழ போடச் சொல்றேன் பாய். கொஞ்சம் சின்ன எழுத்துல."

"அப்ப பலகையை என் பட்டறையிலயே செய்யச் சொல்லுங்க. எழுத்து அளவை நான் பாத்துக்கறேன்."

அதுவும் நியாயம்தான், ஒரே அளவிலேயே இருக்கட்டும். நெற்றித் தகடு கேட்டு வைத்தவர் என்று என் பெயரும், செய்தவர் என்று அவர் பெயரும் அந்தப் பலகையில் வர வேண்டும். வராத பலகையை என் சுவரில் மாட்ட விடமாட்டேன். அந்தச் சுவரும் நான் கட்டியது.