கண்டியில் ஏரி காயவைத்தது

அந்தத் திங்கட்கிழமை காலை அறையில் பேராசிரியர் இருந்தார். அவரிடம் ஆராய்ச்சி செய்யும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருந்தாள். இரண்டு ஹீட்டர்கள் இருந்தன, சிவந்துபோய். அப்புறம் நான், அறை கூட்டுகிறவன்.

அறைக்குள் ஏரி செய்துகொண்டிருந்தார்கள். பாலைவனப் பக்கம் சோடா உப்பு ஏரிகள் வெயிலில் வற்றுமாம். வற்றும்போது அடியில் வெள்ளையாய்க் கல் உறையுமாம். அதை ஒன்பது தட்டுத் தண்ணீரில் செய்து பார்க்க வேண்டும். கண்டியில். இங்கே மஹய்யாவையில் என் வீட்டில் சட்டை காயவே நாலு நாள் ஆகிறது. என்னை யாரும் கேட்கவில்லை.

தண்ணீரில் இருப்பது மக்னீசியம். அதிலேயே கனமானது, லேசானது என்று வகை உண்டாம், ஐசோடோப் என்கிறார்கள். எது எவ்வளவு கல்லுக்குள் போகும் என்பது சூட்டைப் பொறுத்தது. ஆகவே இருபத்தைந்து பாகையைத் தாண்டக் கூடாது. தட்டோரம் இருக்கும் வெப்பமானியைத் தினமும் காலையில் பார்த்துக் கொப்பியில் எழுதுவதும் என் வேலை. எட்டு மாதம் எழுதினேன். வெளியே மழை. தண்ணீர் குறைந்தபாடில்லை.

புதன்கிழமை வெளிநாட்டு ஆட்கள் பார்க்க வருகிறார்கள். காட்ட ஏரி இருந்தது, கல் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பேராசிரியரே வந்து ஹீட்டர் போட்டிருக்கிறார். தட்டெல்லாம் வெள்ளையாய்க் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

"பாத்தீரே, இயற்கை தன்ர வேலையைச் செய்திட்டுது" என்றார் என்னிடம்.

"பிளக்குல மாட்டித்தானுங்களே சேர்?"

பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. "சேர், இது என்ர மூண்டு வருசப் படிப்பு. ஐசோடோப் அளக்கிற மெஷினில இந்தக் கல்லை வைச்சாச் சூடு பிடிபட்டிடும். எல்லாம் பொய்யாப் போயிடும்."

"கொப்பியில இருபத்தஞ்சு எண்டு இருந்தா, மெஷின்தான் பிழை எண்டு சொல்லலாம். நீர் பேசாம இரும் பிள்ளை." என் பக்கம் திரும்பினார். "இருபத்தஞ்சு எண்டு எழுதும். அடுத்த மாசம் உம்மட கொன்ட்ராக்ட் என்ர மேசைக்குத்தானே வருது."

"ஆமாங்க சேர்."

"அண்ணை, உள்ளதை எழுதுங்கோ" என்றாள் அவள். "நான் திரும்பச் செய்யிறன்."

"இந்த மழையிலயாம்மா?"

"ஓம்."

பேனையை எடுத்தேன். பேராசிரியர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெப்பமானியைப் பார்க்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. எழுதினேன்.

ஐம்பத்திரண்டு.