அருங்காட்சியகத்துக்குள் பெய்த மழை

இன்று நகரத்துக்குள் போய், தொட்டும் முகர்ந்தும் கேட்டும் ரசிக்கிற கலை அருங்காட்சியகம் ஒன்றைப் பார்த்தோம்.

ஓர் இருட்டறை. உள்ளே மழைச் சத்தம், மண்வாசனை.

“கண்ணை மூடிக்கோங்க. மனசுல முதல்ல என்ன வருதோ சொல்லுங்க,” என்றார் வழிகாட்டிப் பெண்.

மழை பெய்தாலே வெள்ளம் சூழும் கோவில்பதாகையிலேயே பிறந்து வளர்ந்த என் கணவர் சத்தமாகச் சொன்னார்: “வெள்ளம் வர்றதுக்குள்ள கார எட்த்துகினு போய் மேம்பாலத்துல ஏத்தணும்.”

மானம் போயிற்று எனக்கு.

அப்போது இருட்டுக்குள் யாரோ கேட்டார்: “அண்ணாத்தே, பாடி மேம்பாலத்துல எடம் கீதா?”

அறையே சிரித்தது.

வெளியே சுள்ளென்று வெயில். ஆனாலும் திரும்பும்போது இவர் பாடி மேம்பாலத்தில் வண்டியை மெதுவாக்கி, ஓரமாக ஓர் இடம் பார்த்துவைத்துக்கொண்டார்.

மழை என்றதும் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? கவிதை என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள்.