அகராதியின் மகள்

பிறப்புப் பதிவுக்கு இரண்டாம் ஜன்னல், இறப்புப் பதிவுக்கு மூன்றாம் ஜன்னல். நடுவில் மரத்தடுப்பு. அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், பதினாறு வருஷமாக. பெயர்களின் அர்த்தங்களைக் கரைத்துக் குடித்தவன் என்பதால் அவனை அகராதி என்றுதான் அலுவலகத்தில் கூப்பிடுவோம். ஆள் கொஞ்சம் அகராதி பிடித்தவனும்தான்.

பிள்ளை பெற்றவர்கள் படிவத்தை நீட்டினால் சும்மா முத்திரை குத்தி அனுப்ப மாட்டான். "ஐரீன்னா கிரேக்கத்துல சமாதானம்மா, தைரியமா வைங்க" என்பான். "நூர்னா அரபியில வெளிச்சம் சார்" என்பான். மேற்கு ஆப்பிரிக்காவில் சில இனத்தார் பிறந்த கிழமையையே பிள்ளைக்குப் பெயராக வைப்பார்கள் என்று ஒருவருக்கு விளக்கப்போய், வரிசை வாசல்வரை நீண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் ஜன்னலில் யாரும் அர்த்தம் கேட்பதில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவனுக்கு ஒரு பெண் பிறந்தாள். பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். ஒரு வருஷத்துக்குள் பெயரைச் சேர்த்தால் போதும். ஊருக்கெல்லாம் ஐந்து நிமிஷத்தில் பெயர் சொன்னவன், தன் மகளுக்கு மாதக்கணக்கில் இழுத்தடித்தான். மனைவி கிளாடியா என்றாள். லத்தீனில் நொண்டி என்று தள்ளினான். மாமனார் லேயா என்றார். எபிரேயத்தில் களைத்துப் போனவளாம், அதுவும் போயிற்று. சோபியா என்றால் அறிவுதானே, அதிலென்ன குறை என்று நான் கேட்டேன்.

"அறிவு மட்டும் இருந்தாப் போதுமாடா?" என்றான்.

வீட்டில் எல்லோரும் அவளைக் குட்டி என்றார்கள். அவன் மட்டும் மாட்டேன் என்றான். "ஆட்டுக்கும்தான் குட்டி இருக்குது. நல்ல பேரா வச்சுட்டுக் கூப்பிடறேன்" என்பான். அதுவரை கையைத் தட்டித்தான் அழைப்பான். அவளும் சிரித்துக்கொண்டே தவழ்ந்து வருவாள். பார்க்கிற எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பதினோராவது மாதம் மூளைக்காய்ச்சல் வந்தது. மூன்றே நாள்.

மறுவாரம் அவன் மனைவியோடு என் ஜன்னலுக்கு முன்னால் வந்து வரிசையில் நின்றான். உள்ளே வாடா என்றேன், வரவில்லை. படிவத்தில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது.

"இன்னும் ஒரு வருஷம் முடியல. இப்பச் சொன்னாலும் ரெண்டு பதிவேட்டுலயும் ஏத்திடலாம்" என்றேன்.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினான். எத்தனையோ மொழி, எத்தனையோ பெயர். சில பெயர்களை வட்டமிட்டு, அடித்து, மறுபடி வட்டமிட்டிருந்தான். விரல் ஒன்றிலும் நிற்கவில்லை. அவன்மேல் எனக்கிருந்த கோபம் அப்போதும் தணியவில்லை. அதோடு சேர்ந்து அழுகையும் முட்டியது.

மனைவி நோட்டின்மேல் கையை வைத்தாள். "போதுங்க. இதுல எதைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் அவ திரும்பிப் பார்த்திருக்க மாட்டா." பிறகு என்னிடம், "அண்ணே, குட்டின்னே எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். எழுதியதைத் திருப்பிக் காட்டி, சரியா என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்வது எங்கள் வழக்கம். யாராக இருந்தாலும் அப்படித்தான். காகிதத்தை அவன் பக்கம் திருப்பினேன்.

"குட்டி" என்று படித்தான்.

அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தான்.

"ஒரு தடவைகூட நான் கூப்பிடலடா" என்றான்.