சுவருக்குள் போன வாய்க்கால்

பிள்ளைகளா, அப்பா யுனிவர்சிட்டி வாத்தியார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். நான் டிப்ளமோதான் படித்தவன். தஞ்சாவூருக்கு வெளியே வயலுக்கு நடுவில் எழும்பிய தனியார் பல்கலைக்கழகத்தில், சிவில் பிள்ளைகளுக்கு நிலம் அளக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. சேர்ந்த அன்றே என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிவிட்டார்கள். அங்கே எல்லாருக்கும் அப்படித்தான்.

ஆடி மாதம், மேற்கே புதிதாக எழுப்பிய சுவரோரம் மாணவர்களை அளக்க விட்டேன். ஒரு பெண், நில எல்லைகளைக் காட்டும் சர்க்கார் புலப்படத்தைப் பார்த்துவிட்டு, "சார், வாய்க்கால் புறம்போக்கு நம்ம சுவருக்குள்ள வருது சார்" என்றாள்.

"அப்ப ஹாஸ்டலுக்கு நீச்சல் குளம் ரெடி" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம், கோயில் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்கிற அம்மா நின்றிருந்தார். சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார்.

"சிரிங்க, சிரிங்க. ஆத்துல தண்ணி ஓடுது, என் நாத்தங்கால் வெடிச்சுக் கெடக்கு. தாலுகா ஆபீசுல வாய்க்காலே இல்லேங்குறாங்க. அளந்தத ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க சார்."

"பாக்கலாம்மா" என்றேன்.

சாயங்காலம் துறைத்தலைவர் கூப்பிட்டார். "எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் நம்ம மேடைக்குத்தான் சார் வர்றாங்க. உங்களுக்கு எதுக்கு வம்பு? ரெக்கார்டு நோட்டுல அந்தப் பக்கத்தப் புதுசா வரையச் சொல்லுங்க. உங்க சர்டிபிகேட்டெல்லாம் பத்திரமா இருக்கணும்ல?"

மறுநாள் அந்தப் பெண் கேட்டாள்: "நான் தப்பா அளந்துட்டேனா சார்?"

"ஆமாம்மா."

வாய்க்கால் இல்லாமல் வரைந்து வந்தாள். பத்துக்குப் பத்து போட்டேன்.

அதற்கப்புறம் என்னால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். "ஏம்ப்பா சும்மா சும்மா உலாத்துறீங்க?" என்று கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? நாற்று இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் போனேன். டேப்பின் முனையைப் பிடிக்க ஆளில்லை. சர்வே கல்லோரம் ஆணி அடித்து மாட்டி, நானே இழுத்து அளந்தேன். அந்தப் பெண்ணின் அளவு ஒரு விரல்கூடப் பிசகவில்லை. சுவர் நிழலில் குந்தி, வேறு தாளில் வாய்க்காலை வரைந்தேன். முதலில் அளந்தது அந்தப் பெண் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. அடியில் என் பெயரும் என்ன வேலை என்பதும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாசில்தார் விலாசமிட்டுத் தபால்பெட்டியில் போட்டேன்.