அக்கா தமிழ் பேசாத வீடு

என் அக்கா ரோஸ் 2009ஆம் ஆண்டு மழைக்காலத்தில் இறந்துபோனாள். கல்லறைப் பலகையில் அவள் பெயரும் தேதிகளும் மட்டுமே இருக்கின்றன. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

நாங்கள் பர்மாவில் கியாக்தான் பக்கத்தில் பிறந்தவர்கள். எனக்கு நடை வருவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அக்கா இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அதனால் பர்மிய மொழி அவளுக்குச் சந்தையில் மீன் வாங்கும் அளவோடு நின்றுவிட்டது. என்னை அது பல்கலைக்கழகம் வரை கொண்டுபோயிற்று. தமிழ் மட்டும் அவளிடம் ஓயாது. கொதிக்காத உலையோடு பேசுவாள், கொடியில் காயாத துணியோடு பேசுவாள். எதிர்ப்பட்ட நாயிடம்கூட இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

அத்தான் நெல்சன் துறைமுகத்தில் குமாஸ்தா. நகரத்தில் லான்மடா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்தார்கள். ஒரே மகள் ஜெசி 1986இல் பிறந்தாள். தலை நிற்பதற்கும் நடப்பதற்கும் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டாள். ஐந்து வயதில் அவளுக்குச் சில வார்த்தைகளே இருந்தன, எல்லாம் தமிழ். மூளை வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், மருந்து ஒன்றும் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பள்ளியில் சேர்க்கப் போனபோது பெரிய சயாமா, அதாவது தலைமையாசிரியை, முடியாது என்றார். விஷயம் வார்டு அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: வார்டுத் தலைவர், டவுன்ஷிப் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர், வீடு வீடாகப் போய்த் தாய்சேய் நலம் பார்க்கும் நர்ஸ் டோ நூ யீ. அத்தானும் அக்காவும் கைகட்டி நின்றார்கள். அந்த வருஷங்களில் அந்த மேஜைக்கு முன்னால் யாரும் வேறுவிதமாக நின்றதில்லை. நான் ஜெசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு எல்லாம் பர்மிய மொழியில்.

"இந்தப் பிள்ளைய எடுத்தா மத்த பிள்ளைங்க படிப்பு கெடும்னு பெரிய சயாமா சொல்றாங்க" என்றார் கல்வி அலுவலகத்துக்காரர். "ஊனமுற்ற பிள்ளைங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருக்கு. மனு போட்டுக் காத்திருங்க."

அந்தப் பள்ளி ஊருக்கு வடக்கே வெகுதூரத்தில் இருந்தது. மனுப் போட்டவர்களின் பிள்ளைகள் காத்திருந்தே வளர்ந்துவிடுவார்கள்.

டோ நூ யீ ஜெசியிடம் குனிந்து, "உன் பேரு என்ன?" என்று கேட்டார். ஜெசி அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"பேரச் சொல்லுடா கண்ணு" என்றாள் அக்கா தமிழில்.

"ஜெசி."

நர்ஸ் நிமிர்ந்தார். "காது கேக்குது, சொன்னா புரியுது. ரெண்டு பாஷையச் சேத்துச் சுமக்கத்தான் முடியல. வீட்ல பர்மா பாஷையே பேசுங்க. ஒரு வருஷம் வச்சுப் பாக்கலாம்."

மற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற பீர் முகைதீனை வார்டுத் தலைவர் கூப்பிட்டார். அவர் எங்கள் பத்து வீட்டுக்குத் தலைவர். யார் வீட்டில் விருந்தாளி தங்கினாலும் அவரிடம் சொல்ல வேண்டும். குடியிருந்தது அக்காவுக்கு நேர் கீழ் வீட்டில்.

"என்ன பேசறாங்கன்னு உங்களுக்குக் கேக்கும்ல? பாத்துக்குங்க" என்றார் தலைவர்.

வீடு திரும்பியதும் அக்கா நிறுத்திவிட்டாள். பிள்ளையோடு மட்டுமல்ல, பிள்ளை காதில் விழும்படி யாரோடும் தமிழ் பேசவில்லை. இரவு ஜெபத்தைக்கூட உதடு அசையாமல் சொன்னாள். வா, போ, சாப்பிடு, வேண்டாம், நல்லது என்று அவளிடம் இருந்தவை சந்தை வார்த்தைகள். பேரம் பேசுகிற மொழியில் பிள்ளையை வளர்த்தாள். விலை அதிகம், கொஞ்சம் குறைத்துக்கொடு என்பதைத் தவிர அந்த மொழியில் அவளுக்குக் கெஞ்சவும் தெரியாது, கொஞ்சவும் தெரியாது.

முதல் வாரம் வாய் தவறி ஏதாவது வந்தால், பீர் முகைதீன் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் தட்டுவார். "ரோஸம்மா, தமிழ் ஒழுகுது. ஏந்தலையில சொட்டுது பாரு." அக்கா சிரிப்பாள். பிறகு ஒழுகுவதும் நின்றது. ஒருநாள் அவர் என்னை மாடிப்படியில் நிறுத்தினார்.

"தம்பி, நான் வெளாட்டுக்குத்தானேப்பா தட்டுனேன். ஒங்கக்கா நெசமாவே வாயக் கட்டிக்கிட்டா. மேல ஆள் இருக்கா இல்லையான்னே தெரியல. நீயாவது சொல்லு."

சொன்னேன். அக்கா என்னோடு தமிழ் பேசுவது மாடிப்படியில் மட்டும்தான், கதவைச் சாத்திவிட்டு.

"ரெண்டு வார்த்தை பேசினா என்ன ஆயிடும் அக்கா?"

"ஒனக்கென்னடா, நீ பாஸ் பண்ணிட்ட. அவளத் தள்ளிட்டாங்கன்னா சன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு இங்கதான் நிப்பா. நான் செத்தப்புறமும் நிப்பா. என் வாய் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

வருஷக் கடைசியில் வார்டு அலுவலகத்து மேஜையில் இருந்த மூவரும் பள்ளிக்கு வந்தார்கள். ஜெசி எழுத்துகளை வரிசையாகச் சொன்னாள், பாதியில் நின்றாள், மறுபடி முதலிலிருந்து சொன்னாள். போதும் என்றார்கள். அக்கா தேங்காய்ப்பால் ஊற்றிக் கௌஸ்வே நூடுல்ஸ் செய்து பத்து வீட்டுக்கும் அனுப்பினாள்.

அதற்குப் பிறகு பிள்ளையை வெளியே அனுப்பச் சொல்லி யாரும் வரவில்லை. ஜெசி தவறினாள், அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தாள், மெல்ல மெல்ல நாலாம் வகுப்பு வரை போனாள். பஸ்ஸின் பலகை படித்தாள். கடைப் பெயர் படித்தாள். அப்பாவோடு பர்மிய மொழியில் நிறையப் பேசினாள். இருவரும் பேசிச் சிரிக்கும்போது அக்கா ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் பார்வையைத் திருப்பிக்கொண்டிருப்பாள்.

"என்னங்க சொல்றா?" என்று பிறகு கேட்பாள்.

"ஒண்ணுமில்ல, பள்ளிக்கூடத்துக் கதை" என்பார் அத்தான். சொல்லக் கூடாது என்றில்லை. சிரித்து முடித்த கதையை இன்னொரு மொழியில் மறுபடி சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது?

பள்ளி முடிந்ததும் பீர் முகைதீன் தன் மசாலாக் கடையில் பொட்டலம் கட்ட ஜெசியைச் சேர்த்துக்கொண்டார். "என் கடையிலேயே இவதான் சுத்தமான கை" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார்.

2003இல் அக்காவைச் சர்க்கரை நோய்க்காக ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தேன். அங்கே வரிசையில் டோ நூ யீ உட்கார்ந்திருந்தார், வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கண்ணில் பச்சைத் துணி கட்டி. அக்காதான் அடையாளம் கண்டு கும்பிட்டாள். ஜெசி வேலைக்குப் போகிறாள் என்று நான் சொன்னதும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். இன்னும் வீட்டில் பர்மிய மொழிதான், அக்கா வார்த்தை தவறவே இல்லை என்றேன். அவர் பிடி தளர்ந்தது.

"இன்னுமா? அந்த ஒரு வருஷத்துக்குத்தானே சொன்னேன். வகுப்புல ஒட்டிக்கிற வரைக்கும். அப்புறம் அம்மா தன் பாஷையில பேசாம வேற எதுல பேசுவா? ஏன் யாருமே வந்து கேக்கல?"

கேட்டிருக்கலாம். ஆனால் அந்த மேஜையிலிருந்து ஒன்று சொல்லப்பட்டால், அது முடிந்துவிட்டதா என்று இந்த ஊரில் யார் போய்க் கேட்டார்கள்? ராணுவம் போட்ட ஊரடங்கை எடுத்த பிறகும் எங்கள் தெருவில் வெகுநாள் இருட்டுவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம்.

நான் மொழிபெயர்க்கும் முன்பே அக்காவுக்கு விளங்கிவிட்டது. "நல்லது சயாமா" என்று, நர்ஸையும் அழைக்கிற அந்த மரியாதைச் சொல்லோடு, பர்மிய மொழியில் சொல்லி மறுபடி கும்பிட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

"ஏன்டா, இப்பப் பேசினா அவளுக்குப் புரியுமா?"

"பேசிப் பாரு அக்கா."

அன்று மாலை ஜெசி கடையிலிருந்து வந்ததும், "கை கால் கழுவிட்டு வாம்மா, ஒனக்குப் புடிச்ச மீன் வச்சிருக்கேன்" என்றாள். பதினேழு வயதுப் பெண், அம்மா அப்பாவிடம் பேசுகிறாள் என்று நினைத்து அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அக்கா சில வாரங்கள் விடாமல் முயன்றாள். ஜெசி மரியாதையாகச் சிரிப்பாள், வெளியூர்க்காரர்களிடம் சிரிப்பதுபோல. பிறகு, சரியாகச் சொல்லு மேமே என்று பர்மிய மொழியில் கேட்பாள். மேமே என்றால் அம்மா. அக்கா சந்தை வார்த்தைகளுக்கே திரும்பிப் போனாள்.

யார் மீதும் அவள் குறை சொல்லவில்லை. "அன்னிக்கு அந்தம்மா மனசு வைக்கலன்னா புள்ள தெருவுல நிக்கும்" என்றுதான் கடைசி வரை சொன்னாள். அதுவும் உண்மைதான்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காய்ச்சல் ஏறியபோது பர்மிய மொழி அவளை விட்டு மொத்தமாகப் போய்விட்டது. தமிழ் வந்தது, கியாக்தானில் நான் கேட்ட அதே வேகத்தில். ரோட்டைத் தாண்டும்போது ரெண்டு பக்கமும் பாரு என்றாள். அப்பாவுக்கு உப்புக் குறைத்துப் போடு, கடையில் கண்ட பையன் கூப்பிட்டால் போகாதே, மழைக்கு முன்னால் துணியை எடு. பதினெட்டு வருஷத்துப் பேச்சு.

ஜெசி கட்டிலின் கால்மாட்டில் பயந்துபோய் நின்றாள்.

"ஊலே" என்று என்னைக் கூப்பிட்டாள். மாமாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். பிறகு பர்மிய மொழியில் கேட்டாள்: "மேமே யாருகிட்ட பேசறாங்க?"

"உன்கிட்டத்தான்."

 அவள் ஸ்டூலை இழுத்துத் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்து, அக்காவின் வாயையே பார்த்தாள். அக்கா மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம், "ஹொக்கே, மேமே" என்றாள். சரி அம்மா என்று அர்த்தம். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். என்னைப் பேச வேண்டாம் என்று கையசைத்தாள்.

"ஒனக்கு யாரு தல வாரி விடுவா?" என்று அக்கா கேட்டாள்.

"ஹொக்கே, மேமே."

அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை. அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள், அடுத்ததைச் சொல்லத் தொடங்கினாள்.