ஊர்வலத்தில் ஒதுங்கி நின்றவர்

பால்காரர் வந்திருந்தார். சலவைக்காரர், ஐஸ் விற்பவர், மில் ஆட்கள், நான். கடைசியாகத் திருப்பரங்குன்றத்துக் கூடை வியாபாரி. சைக்கிளுக்கு ரோட்டோரம் தனி வழி கேட்டு மதுரைக்குள் சைக்கிள் ஊர்வலம் போனோம்.

கூடைக்காரர் கறுத்து மெலிந்த மனிதர். பெயரை நான் கேட்கவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் நாங்கள் வேண்டுமென்றே ரோட்டை அடைத்து ஓட்டினோம். அவர் மட்டும் இறங்கி ஒதுங்கினார்.

“என்னண்ணே, பஸ்ஸுக்கு இம்புட்டு மரியாதையா?” என்றேன்.

“இன்னைக்கு நீங்க கூட்டமா மறிச்சிட்டுப் போயிருவீக. நாளைக்கு அந்த டிரைவர் முன்னால நான் தனியால்ல வரணும், தம்பி?”

எல்லாரும் சிரித்தோம்.

மறுவாரம் அவனியாபுரம் ரோட்டில் ஒரு பஸ் அவரை இடித்தது. ஒரு கால் போய்விட்டது. டிரைவருக்கு ஊர்வலத்தின் மேல் இருந்த ஆத்திரமா, தற்செயலா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஊர்வலத்தில் வந்தவர்களில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்.