படித்துறையில் விளக்கு ஏறிய துளைகள்

1. ஐப்பசி வெள்ளம் வடிந்ததும் மணிமுத்தாற்றுக் கோயில் படித்துறையின் தென்பாதி முன்னால் பிதுங்கி நின்றது.

2. அதைப் பிரித்துக் கட்டும் வேலை அக்காவின் கணவருக்கு, என் மாமாவுக்கு, கிடைத்தது. கோயில் வேலை அவருக்கு அதுவே முதல். அடுத்த மழைக்கு அது அசையாமல் நின்றால் வடபாதியும் அவருக்குத்தான் என்றார் தருமகர்த்தா.

3. கல் இடுக்கு முழுவதையும் சிமெண்டால் பூச வேண்டாம், வரிசைக்குச் சில துளை விடுங்கள் என்றேன். விட்டார். வேலையும் முடிந்தது.

4. மாசி மகத்தன்று குளிக்க வந்த பெண்கள் துளைதோறும் அகல் விளக்கு ஏற்றி வைத்தார்கள்.

நான் பீங்கான் தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஊரில் ஒரு பீங்கான் ஆலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். ஈரம் வெளியேற வழி இல்லாத களிமண் சூளையில் வெடிக்கும். கரைமண்ணில் ஊறும் நீரும் வழி இல்லாவிட்டால் படிக்கல்லைத் தள்ளும். துளை கேட்டதற்குக் காரணம் அதுதான்.

கோடை மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். துளைகளில் எண்ணெயும் திரியும் மண்ணும் சேர்ந்து இறுகியிருந்தன. தண்ணீர் வரவில்லை, கல் மட்டும் ஈரமாக இருந்தது. ஒரு குச்சியால் குத்தினேன். துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார்.

"ஏம்மா, சாமிக்கு வெளக்கு வைக்கிற மாடத்தப் போயி நோண்டுறியே, வூட்ல வேலை இல்ல?"

"மாடம் இல்லீங்க, தண்ணி போற வழி."

"தண்ணி போறதுக்குத்தான் ஆறு இருக்குதே!"

அன்று மாலை மாமாவிடம் சொன்னேன்.

"அடைக்காம வுட்டா அரைகுறை வேலைன்னாங்க. இப்ப அதுலயே வெளக்கு வைக்கிறாங்க. நான் எங்கதான் போவேன், இன்ஜினியரம்மா?"

"ஆலையில ஒடஞ்ச பீங்கான் குழா கெடக்குது மாமா. துளைக்குள்ள சாய்ச்சு வச்சு, விரக்கடை வெளியில நீட்டிட்டா வெளக்கு நிக்காது."

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "சோறு ஆறிப்போயி கெடக்குது. ஓட்டையத்தான் திங்கப் போறீங்களா?" தட்டை வைத்தவள் விடவில்லை. "வச்ச எடத்தப் புடுங்கிட்டு வேற எடம் குடுக்கலன்னா திட்டத்தான் செய்வாங்க. மேல ஒரு நல்ல மாடமா கட்டி வுடுங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை. மாமா மிச்சமிருந்த பழைய கல்லில் மேல்படிக்கு அருகே காற்றுக்கு மறைவாக மாடங்கள் அமைத்தார். மூளிக் குழாய்களை ஆலையில் சும்மாவே கொடுத்தார்கள். துளைகளைச் சுத்தம் செய்து, வெளிப்பக்கம் சரியக் குழாய்களைப் பதித்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை ஒருத்தி பழக்கத்தில் ஒரு குழாய்மேல் அகலை வைத்தாள். அது வழுக்கி அவள் கைக்கே வந்தது. முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறினாள்.

ஐப்பசியில் ஆறு மறுபடி கரை தொட ஓடியது. மாமா தினமும் காலையில் போய் நின்றுவிட்டு வந்தார். வெள்ளம் வடிந்த பிறகும் குழாய்களிலிருந்து சில நாட்கள் கலங்கல் இல்லாத தண்ணீர் கசிந்தது. நூல் பிடித்துப் பார்த்தோம்.

தென்பாதி நேராக நிற்கிறது. ஒரு குழாய் உடைந்ததை மாற்றியிருக்கிறோம். வடபாதி வேலையை மாமாவிடம் கொடுத்துவிட்டார்கள். தை பிறந்ததும் கல் பிரிக்கிறார்கள்.